காக்காயும் கடப்பாரையும்

முகஸ்துதி என்ற ஒரே காரியத்துக்கு நம்முடைய பாஷையில் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று ஒரு நாள் எண்ண உட்கார்ந்தேன். காக்காய் பிடிப்பது, ஐஸ் வைப்பது, சோப்புப் போடுவது, ஜால்ரா அடிப்பது, சிங்கி போடுவது, ஒத்து ஊதுவது, தாளம் போடுவது, பூம்பூம் மாடாய்த் தலையாட்டுவது, துதி பாடுவது, ஆமாம் சாமி போடுவது என்று பத்து விரல்களும் தீர்ந்துவிட்டன. கல்லூரியில் படிக்கும் என் மருமகனைக் கேட்டேன். "இதெல்லாம் பழசு மாமா. இப்ப சொம்பு தூக்குறதுன்னு சொல்லணும்" என்றான். ஆக, பதினொன்று.

நல்ல காரியம் செய்த ஒருவனை உள்ளபடியே பாராட்டுவதற்கோ நாலைந்து சொற்கள்தாம் இருக்கின்றன. அவையும் கூட்டத்துக்குப் போகும்போது எடுத்து உடுத்துகிற சலவை வேஷ்டியைப் போன்றவை. தெருவில் நடமாடிப் பழக்கப்பட்டவையல்ல. ஜனங்கள் எதை அடிக்கடி பார்க்கிறார்களோ அதற்குத்தான் அடிக்கடி பெயர் வைக்கிறார்கள். நம் சமூகத்தில் எது அதிகம், எது குறைவு என்பதற்கு இதைவிட நல்ல கணக்கெடுப்பு வேண்டியதில்லை.

இந்தப் பதினொன்றும் ஒன்றுக்கொன்று மாற்று என்று எண்ணிவிடக் கூடாது. கால், கை பிடித்தல் என்பதுதான் வாயில் தேய்ந்து காக்காய் பிடித்தல் ஆயிற்று என்று தமிழ் வாத்தியார்கள் சொல்வதுண்டு. அப்படியானால் அது உடம்பை வளைத்துச் செய்கிற வேலை. ஐஸ் வைப்பது அப்படியல்ல. எதிராளிக்குச் சூடு ஏறியிருக்கும் சமயம் பார்த்துச் செய்ய வேண்டியது. ஜால்ராவுக்கும் ஒத்துக்கும் உள்ள பேதம் இன்னும் நுட்பமானது. நாகஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் நின்று ஒத்து ஊதுகிறவருக்கு ஒரே ஒரு ஸ்வரம்தான். கச்சேரி முழுவதும், ராகம் எதுவானாலும், கன்னம் புடைக்க அந்த ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஜால்ராக்காரருக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. பாடுகிறவர் வேகமாகப் போனால் இவரும் வேகம்; அவர் நிதானித்தால் இவரும் நிதானம். ஆபீஸில் பழையவர் யாராவது ஒருவர் இருபது வருஷமாக மேலதிகாரி சொன்னதற்கெல்லாம் 'அதுதானே' என்ற ஒற்றைச் சொல்லைச் சொல்லி வந்தால் அவர் ஒத்து. அதிகாரி மாறினதும் கொள்கையையும் மாற்றிக்கொள்கிறவர் ஜால்ரா. பெயர் வைத்தவன் யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவன் கச்சேரியையும் கவனித்திருக்கிறான், ஆபீஸையும் கவனித்திருக்கிறான். ஒத்தும் ஜால்ராவும் இல்லாமல் கச்சேரி சோபிக்காது என்பதும், அவற்றை வாசிக்கிற வித்வான்கள் கண்ணியமான உழைப்பாளிகள் என்பதும் வேறு விஷயம். உவமைக்கு அகப்பட்டுக்கொண்டார்கள், பாவம்.

இன்னொரு உதாரணம் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். வளவளவென்று பேசிக் கொல்கிறவர்களை ஒரு காலத்தில் கழுத்தறுப்பு என்றார்கள். பிறகு அறுவை என்று சுருங்கிற்று. ஆயுதத்தின் பெயரே போதும் என்று பிளேடு ஆயிற்று. ஆசாமி பெரியவராக இருந்தால் ரம்பம். இப்போது மொக்கை என்கிறார்கள். மொக்கை என்றால் முனை மழுங்கியது. இத்தனை காலம் 'அறுக்கிறது' என்று புகார் சொன்னவர்கள் இன்று 'அறுக்க மாட்டேன் என்கிறது' என்று புகார் சொல்கிறார்கள்! வள்ளுவர் புறங்கூறாமைக்கு அடுத்தபடியாக, இருபதாவது அதிகாரமாக, பயனில சொல்லாமையை வைத்திருக்கிறார். அறுவைக்கென்று தனி அதிகாரம் ஒதுக்கியவர் நம்முடைய பிரசங்க மேடைகளை முன்னாலேயே ஊகித்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

என் மனைவியின் ஊர் சிதறாலுக்குப் பக்கம். மார்த்தாண்டத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர். ரப்பர் மரமும் தென்னையுமாக மேடும் பள்ளமுமான பிரதேசம். விளவங்கோடு தாலுகாவைச் சேர்ந்த இந்தப் பகுதி 1956-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி தமிழ்நாட்டோடு இணைகிற வரையில் மலையாள ராஜ்யத்தின் நிர்வாகத்தில் இருந்தது. அதனால் ஜனங்களின் நாக்கில் இரண்டு பாஷைகள் ஒரே பாயில் படுத்துக்கொள்ளும். பெயர் வைக்கிற கலையில் இவர்களுக்கு இரண்டு கடைகளிலும் கணக்கு உண்டு. முகஸ்துதிக்கு நம்முடைய காக்காயும் கிடைக்கும். அங்கிருந்து வந்த 'மணியடி'யும் கிடைக்கும். சன்னிதியில் மணியை அடித்துத் தெய்வத்தின் கவனத்தைத் திருப்புகிற மாதிரி என்று நான் அர்த்தம் செய்துகொண்டேன். வீண் பெருமைக்குப் 'பொங்கச்சம்' என்று ஒரு சொல். உச்சரித்தாலே பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்கும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக நான் மெச்சுவது 'பாரை வைக்கிறது' என்பதைத்தான். பாரை என்றால் கடப்பாரை. (குளச்சல், தேங்காய்ப்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக்காரர்களுக்குப் பாரை என்றால் மீன். அவர்களிடம் இந்த விஷயத்தைப் பேசும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.) ஒருவனுக்கு வரவேண்டிய நல்லதை அவன் அறியாமல் கெடுத்துவிடுவதற்கு அந்தப் பெயர். கல்யாணம் நிச்சயமாகிற சமயத்தில் பெண் வீட்டாரிடம் போய், "பையன் தங்கமான பையன். முன்னே கொஞ்சம் குடி உண்டு, இப்ப இல்லேண்ணுதான் சொல்லுதாவ" என்று சொல்லிவிட்டு வருகிறானே, அவன் பாரை வைக்கிறவன்.

தமிழில் இதற்கு ஆப்பு வைப்பது என்றும், குழி பறிப்பது என்றும் உண்டு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆப்புக்குப் பலமான அடி வேண்டும். அடிக்கிற சத்தம் ஊருக்குக் கேட்கும். குழி பறிக்கிறவன் பறித்துவிட்டு, விழுகிறவன் வருகிற வரையில் காத்திருக்க வேண்டும். பாரைக்கு இரண்டும் வேண்டாம். அடிக்கல்லுக்குக் கீழே நுனியைச் செருகிவிட்டு, தள்ளி நின்று, மறுமுனையைப் பையச் சாய்த்தால் போதும். நெம்புகோலின் தத்துவம் அதுதானே! கொஞ்சம் பலம், பெரிய கல். நோஞ்சான்கூடச் செய்யலாம். சுவர் விழும்போது அவன் அந்தப் பக்கத்திலேயே இருக்க மாட்டான். பொறாமை என்பது பலவீனனுடைய வேலை என்பதை ஒரு தொழிற்கருவியின் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

இந்த மாதிரி பெயர் வைப்பது நமக்கு மட்டும் உள்ள வித்தையல்ல. அரிஸ்டாட்டிலின் சீடரான தியோஃப்ராஸ்டஸ், கிறிஸ்து பிறப்பதற்கு முந்நூறு வருஷங்களுக்கு முன்பே, முகஸ்துதிக்காரன், வாயாடி, வதந்தி பரப்புகிறவன், கஞ்சன் என்று முப்பது பேரைப் பிடித்துச் சின்னச் சின்னச் சித்திரங்களாக எழுதி வைத்தார். ஆங்கிலேயர்களுக்குச் சென்ற நூற்றாண்டின் நடுவில் இது ஒரு தேசிய விளையாட்டாகவே இருந்தது. எதிராளியைவிட ஒரு படி மேலே நிற்கிற மாதிரிக் காட்டிக்கொள்ளும் சாமர்த்தியத்துக்கு ஸ்டீபன் பாட்டர் என்பவர் 'ஒன்-அப்மன்ஷிப்' என்று பெயரிட்டு 1952-இல் புஸ்தகமே போட்டார். கையிலிருக்கும் நேரம் முழுவதற்கும் வேலை நீண்டுகொண்டே போகும் என்கிற ஆபீஸ் ரகசியத்தைப் பார்க்கின்ஸன் என்ற சரித்திரப் பேராசிரியர் 1955-இல் கட்டுரையாக எழுதினார். அப்போது அவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். அவர் பெயரே அந்த விதிக்குப் பெயராகிவிட்டது. நம் ஊரில் விதியைக் கண்டுபிடிக்கிறவர்கள் கையெழுத்துப் போடுவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது என்னை நெடுநாளாகத் தொந்தரவு செய்துகொண்டிருக்கும் கேள்வி. ஒரு கெட்ட வழக்கத்துக்கு வேடிக்கையான பெயர் வைத்தால், அந்த வழக்கம் வெட்கப்பட்டு ஒதுங்குமா, அல்லது 'நமக்கும் ஒரு பெயர் கிடைத்துவிட்டது' என்று நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளுமா?

ஒதுங்கும் என்கிற கட்சியில் நியாயம் இருக்கிறது. முதன்முதலாக வேலைக்குப் போகிற ஒரு பையனை எண்ணிப் பாருங்கள். தன்னுடைய உழைப்பு மேலே போய்ச் சேர்வதற்குள் எங்கேயோ காணாமற்போகிறது. யாரோ தன்னைப் பற்றி என்னவோ சொல்லியிருக்கிறார்கள். அது யார், என்ன என்று புரியாமல் தன்மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டு இரவில் விழித்துக் கிடக்கிறான். பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு நாள் கான்டீனில், "தம்பி, உனக்குப் பாரை வச்சாச்சு, தெரியுமா?" என்கிறார். அந்த ஒரு சொல்லில் அவனுக்கு விடிந்துவிடுகிறது. இது தனக்கு மட்டும் நேர்ந்ததல்ல, தன் குறையினால் நேர்ந்ததுமல்ல, இதற்கு ஏற்கனவே ஊரில் பெயர் இருக்கிறது என்று தெரிவதே பாதி மருந்து. தவிர, எளியவர்களுக்கு இருக்கிற ஆயுதமும் இது ஒன்றுதான். அதிகாரியை எதிர்த்துப் பேச முடியாத குமாஸ்தா, அதிகாரியின் அறைக்குள் தினம் மூன்று முறை போய்வருகிறவனுக்கு ஒரு பெயரையாவது வைக்கிறான். நாலு பேர் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு அஞ்சி அவன் ஒரு நாளாவது இரண்டு முறையோடு நிறுத்திக்கொண்டால் லாபம்தானே?

மற்றக் கட்சியின் நியாயம் எனக்கு ஒரு ஸ்திரீயின் மூலமாகத் தெரியவந்தது. அவள் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக் கொட்டை உடைக்கிற தொழிற்சாலையில், வேலை செய்கிறவள். புருஷன் இல்லை. சிதறால் பக்கத்தில் ஒருவனிடம் சிட்டி கட்டி வந்தாள். தவணை முடிகிற சமயத்தில் அவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். நான் அவளைப் பார்த்தபோது மலையடிவாரத்து டீக்கடையில் பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவள் கடைக்கு வெளியே நின்றபடியே என்னிடம், "நெத்தியில குருசு வரையிற எனக்கே பட்ட நாமம் போட்டுட்டுப் போயிட்டாம்லா சாரே!" என்று சொல்லிச் சிரித்தாள்.

பெஞ்சு முழுவதும் சிரித்தது. அபாரமான வாக்கியம். நானே எழுதியிருந்தால் அந்த மாதம் முழுவதும் கர்வப்பட்டுக்கொண்டு திரிந்திருப்பேன். ஒருவர், "எக்கா, அவன் ஒனக்கு மட்டுமா போட்டான், திருச்சூர்ணம் தீர்ந்து போற அளவுக்கு ஊருக்கே போட்டாம்லா!" என்றார். மறுபடியும் சிரிப்பு. யோசித்துப் பார்த்தால், ஓடிப்போனவனைப் பற்றி அங்கே யாரும் சிரிக்கவில்லை. நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றவர்களைப் பற்றித்தான் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து அவளும்.

அதற்கப்புறம்தான் இந்தப் பெயர்களில் இரண்டு ஜாதி இருக்கிறது என்பதை நான் கவனித்தேன். காக்காய் பிடிக்கிறான் என்று சொன்னால், பிடிக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். பாரை வைத்தான், ஜால்ரா அடித்தான் என்றாலும் செய்தவன்தான் சின்னவனாகிறான். ஆனால் ஏமாற்றுதலுக்கு நாம் வைத்திருக்கிற பெயர்களைப் பாருங்கள். நாமம் போட்டான், மொட்டை அடித்தான், காது குத்தினான், காதில் பூச் சுற்றினான், அல்வாக் கொடுத்தான். இவை ஒவ்வொன்றிலும் செய்தவன் கையில் சாமானோடு கம்பீரமாக நிற்கிறான். நாமக்கட்டியோ, சவரக்கத்தியோ, திருநெல்வேலிப் பொட்டலமோ அவனிடம் இருக்கிறது. நெற்றியையும் தலையையும் காதையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் ஏமாந்தவன். காது குத்துகிற வைபவத்தில் குழந்தையின் கையில் மிட்டாயைக் கொடுத்து, அது வாயில் போடுகிற நேரத்தில் 'சுருக்'கென்று குத்திவிடுவார்கள். ஏமாற்றப்பட்ட மனிதனை அந்தக் குழந்தையாக்கி மடியில் உட்கார்த்தி வைத்துவிடுகிறது அந்தச் சொல். குழந்தை அழுதால் சுற்றியிருப்பவர்கள் என்ன செய்வார்கள்? சிரிப்பார்கள்.

இந்த இரண்டு ஜாதியையும் பிரித்தறிவதற்கு எனக்கு ஒரு சுலபமான சோதனை அகப்பட்டது. சொல்லைத் தன்மையிலே வைத்துப் பார்ப்பது. 'நான் அவனுக்கு அல்வாக் கொடுத்துவிட்டேன்' என்று நாலு பேர் நடுவில் மார்தட்டிச் சொல்கிற ஆட்களை நீங்களும் நானும் பார்த்திருக்கிறோம். 'அவன் காதிலே நல்லாப் பூச் சுத்திட்டேன்' என்றும் சொல்லிக்கொள்வார்கள். 'நான் என் சிநேகிதனுக்குப் பாரை வைத்தேன்' என்று சொல்லிக்கொண்ட மனிதனை இதுவரையில் நான் சந்தித்ததில்லை. 'நான் ஜால்ரா அடிக்கிறேன்' என்றும் யாரும் சொல்வதில்லை. ஐஸ் இரண்டுங்கெட்டான், 'கொஞ்சம் ஐஸ் வச்சுக் காரியத்தை முடிச்சேன்' என்று அசட்டுச் சிரிப்போடு ஒப்புக்கொள்வார்கள். குற்றமும் அந்த அளவுக்கு அசட்டுத்தனமானதுதான். எந்தச் சொல்லைக் குற்றவாளியே சந்தோஷமாக எடுத்துப் பூசிக்கொள்ள முடிகிறதோ, அந்தச் சொல் அவன் வீட்டு வேலைக்காரன் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. அது ஜனங்கள் வைத்த பெயரல்ல, சட்டப் புஸ்தகத்திலிருந்து ஜனங்கள் திருடிக்கொண்டது. 1860-ஆம் வருஷத்து இந்தியன் பீனல் கோடில் ஏமாற்றுக் குற்றத்துக்கு 420-ஆவது பிரிவு. 'அவன் ஒரு ஃபோர் ட்வென்டி' என்று சொன்னால் சின்னப்படுகிறவன் ஏமாற்றினவனே. ராஜ் கபூர் 1955-இல் அந்த எண்ணைத் தலைப்பில் வைத்துப் படம் எடுத்து, அதை இந்தியா முழுவதற்கும் பொதுச் சொல்லாக்கினார். 2024-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி அந்தப் பழைய கோடு போய்ப் புதிய சட்டம் வந்தது. அதில் இந்தக் குற்றம் 318-ஆவது பிரிவில் இருக்கிறது. ஆனால் யாரும் யாரையும் 'த்ரீ எய்ட்டீன்' என்று திட்டி நான் கேட்கவில்லை. சட்டத்தை மாற்றிவிடலாம், வசவை மாற்ற முடியாது போலிருக்கிறது.

அந்த ஸ்திரீ அப்புறம் குழித்துறையில் மனு எழுதுகிற ஒருவரிடம் போனாள். என் மைத்துனன் அழைத்துப் போனான். நானும் கூடப் போனேன். அவர் வயசானவர். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "என்ன நடந்தது, சொல்லும்மா" என்றார். அவள் அதே நாமத்தை, அதே குருசை, அதே சிரிப்போடு சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. ஆயிரம் நாமங்களைக் கேட்டவராக இருக்க வேண்டும். தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போனார். முடித்துவிட்டு, வழக்கப்படி வாசித்துக் காட்டினார். '...மேற்படி நபர் என்னை நம்பவைத்து, மேற்படி தொகையைப் பெற்றுக்கொண்டு, மோசடி செய்துவிட்டார்.'

"மோசடியா?" என்றாள்.

"பின்னே என்னவாம்?"

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்க மோளுக்க கல்யாணத்துக்கு வச்ச பைசா" என்றாள். அதுவரையில் அந்தப் பணம் எதற்காக என்று அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. யாரும் கேட்டதும் இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மனு எழுதினவர் பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தார்.

நாமம் என்ற சொல் அவளுக்கு உதவியே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஊருக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க அது ஒரு கைத்தடியாக இருந்தது. பரிதாபமாகப் பார்க்கப்படுவதைவிடச் சிரிக்கவைப்பது மேல் என்று அவள் எண்ணியிருக்கலாம். ஆனால் அந்தத் தடியை ஊன்றிக்கொண்டு அவள் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியிருக்க முடியாது. அதற்கு 'மோசடி' என்கிற, சிரிப்பே இல்லாத, கறுப்புக் கோட்டுப் போட்ட சொல் தேவையாக இருந்தது.

சிதறால் மலைக்குத் திருச்சாரணத்து மலை என்பது பழைய பெயர். கல் பாவிய பாதை வழியே ஏறினால், ஒரு பெரிய பாறை இன்னொன்றின்மேல் கவிந்து நிற்கிற இடத்தில், சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக முக்குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், ஆய் அரசன் விக்கிரமாதித்ய வரகுணன் காலத்தில், இது சமண முனிவர்களின் பெரிய ஸ்தலம். பின்னால் பகவதி கோயிலாயிற்று. பாம்புப் படத்தின் கீழே பார்சுவநாதர் நிற்கிறார். சற்றுத் தள்ளி அம்பிகை. மேலே நின்று பார்த்தால் கோதையாறும் தென்னந்தோப்புகளுமாகக் கண்ணுக்கு எட்டின மட்டும் பச்சை. அடிவாரத்தில் டீக்கடை.

மலைமேல் இருந்தவர்களும் மனிதர்களின் கெட்ட வழக்கங்களுக்குப் பெயர் வைக்கிற வேலையைத்தான் செய்தார்கள். சமண மரபில் பதினெட்டுப் பாவ ஸ்தானங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதிலே, ஒருவன்மேல் இல்லாத குற்றத்தைச் சுமத்துவது 'அப்யாக்யானம்'. கோள் சொல்வது 'பைசுன்யம்'. பிறரைப் பழித்துப் பேசுவது 'பரபரிவாதம்'. வஞ்சகத்தோடு கலந்த பொய் 'மாயா மிருஷாவாதம்'. நம்முடைய டீக்கடைப் பாரையை எடுத்துக்கொண்டு போனால், இவற்றில் மூன்று பெட்டிகளிலாவது அடைக்கலாம். இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தவர்களுக்கு மனித சுபாவம் டீக்கடைக்காரர்களைவிடக் குறைவாகத் தெரிந்திருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெயர்களில் ஒன்றையாவது சொல்லிச் சிரிக்க முடியுமா? முயன்று பாருங்கள்.

சிரிக்க முடியாததற்குக் காரணம் அவை சமஸ்கிருதத்திலும் பிராகிருதத்திலும் இருப்பதல்ல. அந்தப் பட்டியல் அடுத்தவனை அளக்கிற படியே அல்ல. பிரதிக்கிரமணம் என்கிற நியமத்தில் உட்கார்ந்து, இவற்றில் எதை நான் செய்தேன், எதைச் செய்வித்தேன், எதைச் செய்தவனைப் பார்த்து மகிழ்ந்தேன் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வதற்காக வைத்தது. என்னுடைய தன்மைச் சோதனையை அவர்கள் முன்னாலேயே செய்துவிட்டார்கள். 'செய்தவனைப் பார்த்து மகிழ்ந்தேனா' என்கிற மூன்றாவது கேள்விதான் எனக்கு டீக்கடைப் பெஞ்சை ஞாபகப்படுத்துகிறது. அதற்காக நாமெல்லாரும் மலைமேல் ஏறி உட்கார்ந்துவிட முடியுமா? முடியாது. சிரிப்பில்லாத ஊரில் நான் ஒரு வாரம்கூடத் தங்கமாட்டேன். அதோடு, சிரிக்காத மனிதர்கள் பாரை வைப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். அது இன்னும் ஆழமாக இறங்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மலைமேல் இருந்தவர்களின் கட்சி. அவர்கள் செயலுக்குப் பெயர் வைத்தார்கள். நாம் செயலுக்கு வைத்த பெயரை எடுத்து ஆளுக்கு மாட்டிவிடுகிறோம். 'ஜால்ரா அடித்தான்' என்றால் அது ஒரு நாள் காரியம். நாளைக்கு அடிக்காமல் இருக்கலாம். 'அவன் ஜால்ரா' என்றால் தீர்ந்தது. வினைச்சொல்லிலிருந்து மனிதன் வெளியே வந்துவிடலாம், பெயர்ச்சொல்லிலிருந்து எப்படி வருவான்?

அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஒரே பெயரில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். பட்டப்பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் பாடு திண்டாட்டம். என் மைத்துனன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு 'பாரை வீடு' என்று பெயர். அந்த வீட்டுப் பெரியவர், எப்போதோ, யாருடைய உத்தியோகத்தைக் கெடுப்பதற்கோ ஒரு மொட்டைக் கடிதாசி எழுதினார் என்பது கதை. எழுதினாரா, எழுதவில்லையா, கடவுளுக்கே வெளிச்சம். கடிதாசி யாருக்குப் போயிற்று என்பதுகூட இன்று ஒருவருக்கும் நினைவில்லை. அவர் செத்து முப்பது வருஷமாயிற்று. மகன் 'பாரைக்க மோன்' ஆக இருந்து, அவரும் போய்விட்டார். இப்போது அங்கே இருக்கிறவன் 'பாரைக்க பேரன்'. ரப்பர் பால் வெட்டுகிறவன். காலை நாலு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனால், திரும்பி வந்து வெயிலுக்கு முன்னால் ஷீட் அடித்துக் காயப்போட்டுவிட்டு, பிறகுதான் யாருடனாவது பேசுவான். அவனுக்குப் பாரை வைக்க நேரமும் கிடையாது, ஆளும் கிடையாது.

போன வருஷம் அவன் மகளைப் பெண் பார்க்க திங்கள்சந்தைப் பக்கத்திலிருந்து ஒரு வேனில் ஆட்கள் வந்தார்கள். வீட்டுப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அவன் அதற்காகவே முன்கூட்டி போனில் சொல்லி வைத்திருந்தான்: "சிதறால் முக்கில வந்து பாரை வீடுண்ணு கேளுங்க, சொல்லுவாவ." அப்படியே கேட்டார்கள். டீக்கடையில் வழி சொன்னார்கள். வந்தவர்களில் ஒரு பெரியவர் வேனில் ஏறப் போனவர் நின்று, "அதென்ன, பாரை வீடு?" என்று விசாரித்தார்.

பெஞ்சில் அப்போது ஆறு பேர் இருந்தார்கள். என் மைத்துனனும் ஒருவன். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த ஆறு பேரும் அந்தக் கதையை ஆளுக்கு ஒரு விதமாக நூறு தடவை சொன்னவர்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமலே, "பொண்ணுக்க பாட்டாவுக்க அப்பன் பாறை ஒடைக்கிற வேலை பாத்தவருல்லா. கடப்பாரை எடுத்தார்ணா ஒத்த ஆளா கல்லைப் புரட்டுவாரு" என்றார்.

"அப்படியா!" என்றார் பெரியவர்.

"பின்னே? இந்த ரோட்டுக்க கல்லு பாதி அவரு ஒடைச்சதாக்கும்" என்றார் பெஞ்சிலிருந்த இன்னொருவர்.

வேன் புறப்பட்டுப் போயிற்று. டீக்கடைக்காரர் அடுத்த கிளாஸை எடுத்துக் கழுவினார்.